கேள்வி மேசை: வத்தானியா, கடேட், பச்சைச் சட்டை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகள்) தொண்டூழியப் படைகள், பள்ளிச் சீருடை இயக்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயர்களை விட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கூட்டாளிகள் ஒருவன் வத்தானியா என்கிறான், ஒருவன் ரேலா என்கிறான், இன்னொருவன் ஏ.பி.எம். என்கிறான். மூன்றும் ஒன்றா? எதில் சேர்க்கலாம்? (ஒரு தாயார்)

மூன்றும் வேறு வேறு, அம்மா. சட்டையின் நிறத்தைப் பார்த்துச் சேருகிறவர்கள்தான் ஆறாவது மாதத்தில் காணாமல் போகிறார்கள்.

அஸ்கார் வத்தானியா மலேசியத் தரைப்படையின் சேமப் படை. 1958 ஜூன் 1-இல் தொடங்கியது; அதன் ரெஜிமென்டுகளுக்கு 500 வரிசையில் எண் இருக்கும். ஆயுதப் பயிற்சி உண்டு, இராணுவச் சட்டம் உண்டு, தேவைப்பட்டால் அரசாங்கம் பணிக்கு அழைக்கும். வார இறுதிகளில் உள்ளூர்ப் பயிற்சி, அதற்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை 14 நாள் முகாம். படித்தொகையைப் பதவிக்கு ஏற்ப மணிக்கணக்கில் தருவார்கள். வருகையையும் வருடாந்தர முகாமையும் முடித்தவருக்குத் தனியாக ஓர் ஊக்கத்தொகை உண்டு. இங்கே பலர் ஏமாறுவது வருகைப் பதிவில்தான். பயிற்சிக்குப் போய் வியர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வந்தால் அந்த மணி நேரம் கணக்கில் ஏறாது. பணமும் மாதச் சம்பளம் மாதிரி தேதி தவறாமல் வரும் என்று நம்பி மோட்டார் சைக்கிள் தவணை எடுக்க வேண்டாம்.

ரேலா உள்துறை அமைச்சின் கீழ் வரும் தொண்டூழியப் படை. 1972-இல் தொடங்கியது, 2012-இல் தனிச் சட்டம் பெற்றது. தைப்பூசத்தில் போக்குவரத்தைப் பார்ப்பது, குடியிருப்புப் பாதுகாப்பு போன்ற வேலைகள். ஏ.பி.எம். என்பது பொதுத் தற்காப்புப் படை, 1952-இல் தொடங்கியது. வெள்ளத்தில் படகு, ஆம்புலன்ஸ், வீட்டுக்குள் வந்த பாம்பு, கூரையில் கட்டிய குளவிக் கூடு எல்லாம் இவர்கள் பார்ப்பார்கள். உயிர்காப்புத் திறன் கற்றுக்கொள்ள ஆசையென்றால் மூன்றில் இதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. துப்பாக்கி பிடிக்க வேண்டும் என்றே ஒரு பிள்ளை நின்றால் வத்தானியா.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது ஷிப்ட் அட்டவணை. 12 மணி நேர ஷிப்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் சனி, ஞாயிறு ஓய்வு என்றால், வத்தானியாவின் வருகை பாதியில் நின்றுவிடும். அடுத்த மூன்று மாதத்து ரோஸ்டரையும் படைப்பிரிவின் பயிற்சித் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பாரம் வாங்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் எஸ்.சி. (ஸ்பெஷல் கான்ஸ்டபிள்) எனப்பட்ட காவல்காரர்கள் நின்ற காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

கேள்வி: எனக்குச் சிவப்பு அடையாள அட்டை. தம்பிக்குப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லை. நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

உங்களால் முடியாது. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்குரியது. படையில் சேரக் குடியுரிமை வேண்டும், அதாவது நீல அட்டை. படைப்பிரிவின் வாசலில் போய்ப் பேசிப் பயனில்லை. வேலை தேசியப் பதிவு இலாகாவில்தான் தொடங்க வேண்டும்.

தம்பிக்கு நீல அட்டை கையில் இருந்தால், அப்பா பெயர் இல்லாதது குடியுரிமையை மாற்றாது. அட்டையே இல்லையென்றால் 18 வயதுக்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். குழந்தைகளுக்கான வழிகளில் வயது வரம்பு உண்டு. அம்மாவின் அடையாள அட்டை, திருமணப் பதிவு இருந்தால் அது, பிறந்த மருத்துவமனைக் கடிதம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட பழைய தோட்டக் கல்யாணங்கள்தான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது சிறியது: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ‘இன்னாரின் மகன்’ என்று குறிக்கும் ‘ஏ/எல்’ ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாவிட்டாலும் குமாஸ்தா திருப்பி அனுப்புவார். நகல்களைச் சான்றொப்பத்தோடு நான்கு செட் எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும்.

கேள்வி: 2.4 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறதாமே. தோட்டத்துச் செம்மண் சாலையில் பயிற்சி செய்யலாமா? மருத்துவச் சோதனையில் எதற்குத் தள்ளுவார்கள்?

2.4 கி.மீ. என்றால் 400 மீட்டர் திடலில் 6 சுற்று. சுற்றுக்கு 2 நிமிடம் ஓடினால் 12 நிமிடம். 12-க்குள் முடிக்கப் பழகுங்கள். தோட்டச் சாலை தாராளமாகப் போதும். மோட்டார் சைக்கிள் மீட்டரில் 1.2 கி.மீ. அளந்து ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போய்த் திரும்புங்கள். போகும்போது இறக்கம் இருந்தால் வரும்போது ஏற்றம், நேரக் கணக்கு ஏமாற்றாது. விடியலில் செம்பனைப் பழ லாரி ஓடும் சாலையென்றால் எதிர்த்திசையில் ஓடுங்கள்; லாரி முகத்துக்கு முன்னால் வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது.

எட்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், 4 நிமிடம் மெல்ல ஓடி 2 நிமிடம் நடப்பது, இப்படி ஐந்து முறை. மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை நிற்காமல் 3 கி.மீ., பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். ஆறிலும் ஏழிலும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 2 நிமிடத்தில் ஆறு தடவை, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. எட்டாம் வாரத் தொடக்கத்தில் ஒரே ஒரு முழுச் சோதனை ஓட்டம், பிறகு இலேசாக. முதல் நாளே முழுத் தூரத்தையும் உயிரைக் கொடுத்து ஓடுகிறவனுக்குப் பத்தாம் நாள் முன்காலெலும்பு வலிக்கும். அந்த வலியோடு ஓடினால் எலும்பில் கீறல் விழும். தண்டாலிலும் இடுப்புப் பயிற்சியிலும் எண்ணிக்கையைவிட முறைக்குத்தான் மதிப்பு. மார்பு இறங்காத தண்டாலை எண்ண மாட்டார்கள்.

மருத்துவத்தில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. பாதத்தை நனைத்துக் காய்ந்த சிமெண்டுத் தரையில் மிதியுங்கள்; உள்வளைவு தெரியாமல் பாதம் முழுக்கப் பதிந்தால் தட்டைப் பாதம் என்று சந்தேகிக்கலாம். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்க, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 1.65 மீட்டர், 70 கிலோ என்றால் 25.7 வரும். புள்ளிகள் நிறைந்த வட்டத்துக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வது நிறக்குருடுச் சோதனை. அதற்குப் பயிற்சி எடுக்க முடியாது, கண்ணாடிக் கடையில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் ஏமாற்றம் மிஞ்சாது. பச்சை குத்தியிருந்தால் பெரிய தடை. சிறுநீரில் போதைப்பொருள் சோதனை உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் அது காட்டும் என்பதால், அந்த வாரத்தில் கிளினிக் போயிருந்தால் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: அண்ணன் வைத்திருந்த பழைய பூட்ஸ் அலமாரியில் இருக்கிறது. பார்க்கப் புதிது மாதிரி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போகலாமா?

போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்து பாருங்கள். அடிப்பகுதி பாலியூரித்தேன் என்றால், நம் ஊர் ஈரக் காற்றில் சில வருடம் சும்மா கிடந்தாலே அது உள்ளுக்குள் நொறுங்கிவிடும். பயன்படுத்தாமல் வைத்ததுதான் சீக்கிரம் போகும். பூட்ஸை வளைத்து, அடிப்பகுதியின் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். வெடிப்போ தூளோ தெரிந்தால் அது முகாமில் இரண்டாம் நாள் புட்டு உதிர்வதுபோல் உதிரும். பசை போட்டு ஒட்டுவது வீண். பசை பிடித்துக்கொள்ள அங்கே கெட்டியான பொருளே இருக்காது. மேல்தோல் நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் அடி போடச் சொல்லலாம்.

புதிது வாங்குவதானால் மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். மெல்லிய காலுறை ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று, இரண்டையும் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். முன்விரலுக்கும் பூட்ஸ் நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம். குதிகால் மேலே தூக்கக் கூடாது. பிறகு இரண்டு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு நடக்க வேண்டும். இதைச் செய்யாமல் முகாமில் முதன்முதலாகப் போடுகிறவனின் குதிகால் கொப்புளம், முகாம் முடிகிறவரை அவனோடு பேசிக்கொண்டிருக்கும். தோல் சூடாகி உறுத்தத் தொடங்கியதுமே ஒட்டுத்துணியை ஒட்டுங்கள். கொப்புளமான பிறகு மேல்தோலை உரிக்காதீர்கள்.

பாலிஷ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மண்ணைத் தட்டி, உள்ளே நாளிதழைச் சுருட்டித் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். மெல்லியதாக ஒரு பூச்சு, 10 நிமிடம் காத்திருந்து பிரஷ். பிறகு பழைய பருத்தி பனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷில் ஒரு தொடு, தண்ணீரில் ஒரு சொட்டு, நுனியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் மங்கும், அதற்குப் பயந்து இன்னும் பாலிஷை அப்புவதுதான் தவறு. ஐந்தாறு மெல்லிய பூச்சுக்குப் பிறகு கண்ணாடி வரும். நுனிக்கும் குதிகாலுக்கும் மட்டும்தான் இந்தப் பளபளப்பு. விரல் மடங்கும் இடத்தில் ஏற்றினால் அடுத்த நாளே தகடு தகடாகப் பெயரும். டப்பியை நெருப்பில் காட்டி உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்.

கேள்வி: படிவம் 2 படிக்கிறேன். கவாட் (அணிநடை) பயிற்சியில் ‘செடியா’ (நேர் நில்) நிலையில் நிற்கும்போது கண் இருட்டுகிறது. ‘செப்பாட் ஜாலான்’ (விரைந்து நட) என்றால் கையும் காலும் ஒரே பக்கம் போகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

தம்பி, கண் இருட்டுவது பலவீனம் இல்லை. முழங்காலைப் பின்னால் பூட்டி அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி மூளைக்குக் குறைந்துவிடும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். ஆகவே முழங்காலை ஒரு மயிரிழை தளர்த்தி வை. பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி விரி. எடையை முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் மாற்றிக்கொண்டே இரு, வெளியே ஒருவருக்கும் தெரியாது. வெறும் வயிற்றோடு திடலுக்குப் போகாதே. முந்தின இரவே தண்ணீர் குடி, காலையில் போய் ஒரு போத்தலை மடமடவென்று குடிப்பதில் பலனில்லை. அப்படியும் காது அடைத்து வியர்த்தால் கௌரவம் பார்க்காமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடு. நின்றபடி விழுகிறவனுக்குத்தான் தாடை உடைகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மயங்கி விழுந்து, படுக்கவைத்துக் காலைத் தூக்கியதும் தெளிகிற பிள்ளை வேறு. உடல் கொதித்து, உளறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிற பிள்ளை வேறு. இரண்டாவது வெப்பத் தாக்கு. உடனே 999, அதுவரை சட்டையைத் தளர்த்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாத வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

கையும் காலும் ஒரே பக்கம் போவது உத்தரவுக்கு முந்திக்கொள்வதால். உத்தரவில் ‘செப்பாட்’ எச்சரிக்கை, ‘ஜாலான்’ செயல். நடுவிலுள்ள இடைவெளியில் உடம்பை விறைக்காதே. இடது கால், வலது கை, இதை மட்டும் நினை. வீட்டில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்துக்கொண்டு, அதாவது நொடிக்கு இரண்டு அடி, ஐந்தைந்து நிமிடம் நட. மூன்றாவது வாரத்தில் மறந்துவிடும். கவாட் என்பது வேற்றுச் சொல்லும் இல்லை. நம் கவாத்தும் அதுவும் ஒரே வேரில் வந்தவை.

கேள்வி: மகள் இவ்வருடம் படிவம் 1. தமிழ்ப்பள்ளியில் துனாஸ் கடேட்டில் (தொடக்கப்பள்ளிச் சீருடை இயக்கம்) இருந்தாள். இப்போது பி.கே.பி.எம். (இராணுவப் பாணியிலான பள்ளிக் கடேட் படை) வேண்டுமென்கிறாள். பள்ளியில் அது இல்லையாம். என்ன செய்வது?

பி.கே.பி.எம். எல்லாப் பள்ளியிலும் இருக்காது. இல்லாத ஒன்றுக்காகப் பள்ளி மாற்ற வேண்டாம். துனாஸில் பழகிய பிள்ளைக்குக் கடேட் ரெமாஜா நேராகத் தொடரும் பாதை. கடேட் போலீஸ், கடேட் பொம்பா (தீயணைப்பு), புலான் சாபிட் மேரா (செம்பிறைச் சங்கம்) எல்லாமே புறப்பாடப் புள்ளிக்கு உதவுபவைதான். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் பாடத்துக்கு 90, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்பதால், அந்த 10-ஐ ஒரே இயக்கத்தில் ஐந்து வருடம் நின்று எடுப்பது சுலபம். வருடத்துக்கு ஒன்று மாறினால் பதவியும் வராது, மாவட்ட அளவு வாய்ப்பும் வராது.

சேர்க்குமுன் பொறுப்பாசிரியரிடம் போன வருடம் எத்தனை தடவை கூடினார்கள், முகாம் நடந்ததா, சீருடைக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் திரும்பி வருவது. தோட்டப் பிள்ளைகளின் வருகை குறைவதற்கு ஆர்வமின்மை காரணமில்லை. புறப்பாட நாளில் பயிற்சி முடிவதற்குள் பள்ளி வேன் போய்விடுகிறது, அவ்வளவுதான். அதே தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரைச் சேர்த்து, அந்த ஒரு நாளுக்கு மட்டும் பிந்திய வேனுக்குப் பேசிவையுங்கள். சான்றிதழ்களை மூலத்தோடு கோப்பில் வையுங்கள். வருடக் கடைசியில் அவை ஆசிரியரின் பதிவில் ஏறினவா என்று கேட்டுப் பாருங்கள், விடுபடுவது சகஜம்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை. 14 நாள் முகாமுக்கு மேனேஜர் விடுப்பு தருவாரா?

அரசாங்க ஊழியருக்குத் தொண்டூழியப் படைப் பயிற்சிக்கென்று தனி விடுப்பு உண்டு, ஆண்டு விடுப்பில் கழியாது. தனியார் தோட்டத்தில் அது பேச்சுவார்த்தைதான். அழைப்புக் கடிதம் வந்த அன்றே நகலோடு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மண்டோரிடம் (கங்காணி) வாயால் சொன்னது அவர் மாறினால் காற்றோடு போகும். குலை வெட்டு ஒரு சுற்று 10 முதல் 14 நாள். நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட முழுச் சுற்று. உங்கள் வரிசையை வெட்ட யார் ஒப்புக்கொண்டார் என்று பெயரோடு போய்ப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். காய்ப்பு உச்சமாகும் செப்டம்பர், அக்டோபரில் முகாம் வந்தால் இன்னும் முன்கூட்டியே பேசுங்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவன். கையில் கோயில் கயிறு. முகாமில் சிக்கலா?

உணவை முதல் நாள் பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டு வரிசையில் நின்று சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் அதே இடத்தில் எழுதலாம். கயிற்றைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். தடைப் பயிற்சியில் கயிறும் மோதிரமும் மாட்டி விரல் போவது கற்பனை இல்லை.

கேள்வி: ஒருவர் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் இராணுவத்தில் ‘உள்ளே’ போட்டுவிடுவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் கட்டணம் கிடையாது. கொடுத்துவிட்டால் போலீஸ் புகார், பரிவர்த்தனை ரசீதோடு.

கேள்வி: பி.எல்.கே.என்.-ஐத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்களே, அதுவும் வத்தானியாவும் ஒன்றா? பாலாபெஸ் என்பது என்ன?

பி.எல்.கே.என். தேசிய சேவைப் பயிற்சி. 2004-இல் மூன்று மாதப் பயிற்சியாகத் தொடங்கி, 2018-இல் நிறுத்தி, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்பியது. அது முடிந்தால் முடிந்தது. வத்தானியா தொடரும் கடமை. பாலாபெஸ் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கான மூன்று வருடச் சேமப் படை அதிகாரிப் பயிற்சி. தேறினால் சேமப் படையில் லெப்டினன் மூடாவாக (இரண்டாம் லெப்டினன்ட்) நியமனம். பட்டப்படிப்பும் மூன்று வருடமென்றால் முதல் வருடத் தொடக்கத்திலேயே சேர வேண்டும். விடுமுறையில் வரும் வருடாந்தர முகாம் தொழிற்பயிற்சியோடு மோதுகிறதா என்று துறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற படைவீரர். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவாட் கற்றுத்தர விருப்பம்.

நல்ல விருப்பம், ஐயா. நேராகத் திடலுக்குப் போகாமல் தலைமையாசிரியருக்குக் கடிதம், சேவைச் சான்றிதழ் நகல், எந்த நாள், எத்தனை மணி என்ற அட்டவணை கொடுங்கள். வெளிப் பயிற்றுநருக்கு மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி கேட்பார்கள். சிறாருக்கு எதிரான குற்றப் பதிவு உங்கள் மேல் இல்லை என்ற சரிபார்ப்பையும் கேட்கலாம்; அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பாசிரியர் இல்லாத நேரத்தில் பயிற்சி நடத்தாதீர்கள், ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்காதீர்கள், தண்டனையாகத் தண்டால் போடவைக்காதீர்கள். ரெஜிமென்டில் சரியென்று இருந்தது 13 வயதுப் பிள்ளைக்குச் சரியில்லை.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) இராணுவச் சட்டை 25 வெள்ளிக்குக் கிடைத்தது. பொங்கல் ஓட்டப் போட்டிக்குப் போடலாமா?

படைவீரர் என்று மற்றவர் நம்பட்டும் என்ற எண்ணத்தோடு படைவீரரின் உடையைப் போடுவது குற்றவியல் சட்டம் 140-ஆம் பிரிவில் குற்றம், சிறை வரை போகும். பதவிச் சின்னம், பெயர்ப்பட்டை தைத்திருந்தால் உங்கள் எண்ணம் அதுவல்ல என்று விளக்குவது கடினம். ஓட்டத்துக்குச் சாதாரண பனியன் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துணியில் வேர்த்தாலும் காயாது.